கோட்டைக்குள்ளா, ஆற்றங்கரையா, ஸ்டேஷன் பக்கமா

உலகத்தில் இதுவரை ஊர்விட்டு ஊர் போனவர்கள் அத்தனை பேரும், கிளம்புவதற்கு முன்னால் எங்கள் பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் சரித்திரமே வேறு மாதிரி இருந்திருக்கும். படையெடுத்து வந்த ராஜாக்கள் பாதி வழியில் கூடாரம் அடித்து, மழையில் நனைந்து, வயிறு கெட்டுத் திரும்பியிருக்க மாட்டார்கள். “யானைப் படையோட வர்றீங்களா சார்? அப்ப கோட்டைக்குள்ள வேண்டாம், சந்து குறுகல். ஆற்றங்கரைப் பக்கம் போங்க, நிறுத்த இடம் இருக்கு” என்று சொல்லியிருப்பாள். கப்பலில் போய்ப் புதுக் கண்டம் கண்டுபிடித்தவனுக்கே, அங்கே எந்தப் பக்கம் ஜன்னல் வைத்த அறையில் காற்று வரும் என்று சொல்லக்கூடியவள். நிலாவில் இறங்கியவர்கள் இறங்கின வேகத்தில் திரும்பி வந்ததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் தங்குவது என்று சொல்ல அங்கே பெரியம்மா இல்லை, அவ்வளவுதான்.

இதில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்று கலப்படமில்லாத உண்மை. கோட்டையும் ஆறும் உள்ள ஒரு பழைய நகரத்தில் எந்தப் பேட்டையில் தங்கலாம் என்று வருஷக்கணக்கில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மா, அந்த நகரத்தில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. அவர்கள் வீடு கீழே, எங்கள் வீடு மாடி. டயர் கடைக்கு மேலே இருக்கும் ரூம் புக்கிங் ஆபீசில் அவளுக்கு வேலை. அங்கே வரிசையாக சீட்டுகள், ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் ஊர். கடல் உள்ள ஊர் ஒருத்திக்கு, மலை உள்ள ஊர் இன்னொருத்திக்கு. பெரியம்மாவுக்கு வாய்த்தது பழைய நகரம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். கூப்பிடுகிறவர்களுக்கு இடம் சொல்வதும், தங்கிவிட்டு வந்து திட்டுகிறவர்களிடம் திட்டு வாங்குவதும் ஒரே சீட்டுதான். இடம் சொல்வதால் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது, திட்டு வாங்க வாங்கத்தான் தெரியும் என்பாள்.

அதனால் அவளுடைய நகரம் முழுக்கப் புகார்களால் கட்டியது. கோட்டைக்குள் என்றால் வண்டி நுழையாது, பெட்டி தள்ளுவண்டியில்தான் போகும், சுவரெல்லாம் ஈரம், படிக்கட்டு செங்குத்து, மணிக்கூண்டு தூங்க விடாது. ஆற்றங்கரை என்றால் புது ஹோட்டல், லிஃப்ட், கொசு. ஸ்டேஷன் பக்கம் என்றால் வாடகை மலிவு, கூச்சல் இலவசம். கோட்டையில் ஓவியம் தீட்டிய மண்டபம் ஒன்று இருக்கிறதாம். அது அழகாக இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் போன் போட்டுச் சொன்னதில்லை. ஆகவே பெரியம்மாவின் நகரத்தில் அந்த மண்டபம் கிடையாது.

இடம் சொல்வதற்கு முன்னால் அவள் சில கேள்விகள் கேட்பாள். படி ஏற முடியாதவர்கள் யாராவது கூட வருகிறார்களா? காலையில் முதலில் எழுந்திருப்பது யார்? கடைசியாக, “ஊர் பார்க்க வர்றீங்களா, ஆள் பார்க்க வர்றீங்களா?” இந்தக் கடைசிக் கேள்வி ஆபீஸ் சொல்லிக்கொடுத்தது இல்லை, அவளாகச் சேர்த்தது. ஊர் பார்க்க வருகிறவர்கள் அறையில் இருக்கவே மாட்டார்கள், அவர்களுக்கு எந்த அறையும் போதும். ஆள் பார்க்க வருகிறவர்கள் அந்த ஆள் வருகிறவரை அறையிலேயே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு ஜன்னல் வேண்டும்.

பெரியப்பாவுக்குத் தெருமுனையில் பெட்டி ரிப்பேர் கடை. ஜிப் மாட்டுவார், சூட்கேஸுக்குச் சக்கரம் மாற்றுவார். ஆக, ஊர் சுற்றுகிறவர்களை வைத்தே பிழைக்கிற வீடு. பஸ் ஸ்டாண்டைத் தாண்டாத வீடும் அதுதான். பத்தாவதில் கணக்குப் பாடம் என்னைக் கைகழுவிய பிறகு நானும் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் எந்த ஜிப்பையும் மூடிவிடுவேன், என் வாயைத் தவிர என்று பெரியம்மா சொல்வாள். எனக்கு அவள் வைத்த பெயர் டப்பா.

அந்த வாயை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரே உருப்படியான காரியம், குரல் மாற்றிப் பேசுவது. அதற்குக் கூட்டாளி அண்ணன். பெரியம்மாவின் ஒரே பிள்ளை, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். பெரிய சூட்கேஸுக்குள் தலையை விட்டுப் பேசினால் குரல் கிழடு தட்டிவிடும் என்பது அவன் கண்டுபிடிப்பு. பெரியப்பா சாப்பிடப் போகும் நேரத்தில் நான் சூட்கேஸுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போன் போடுவேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

“அம்மா, கோட்டையில பேய் இருக்காமே. அதுக்குத் தனி வாடகையா, ரூமோட சேர்ந்ததா?”

“பேய் கோட்டைக்குள்ள மட்டும்தாங்க சார்” என்பாள் பெரியம்மா, கொஞ்சமும் குரல் மாறாமல். “பயமா இருந்தா ஆற்றங்கரைல தங்குங்க. அங்க கொசு மட்டும்தான்.”

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியம்மாவின் குரல் குக்கர் மாதிரி. என்ன நினைக்கிறாள் என்பது நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆபீஸ் குரல் வேறு. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த பீங்கான் கோப்பை மாதிரி இருக்கும். உள்ளே எதுவும் இருக்காது, தொட்டால் சில்லென்று இருக்கும்.

அந்தக் குரலை அவள் ஒரே ஒரு தடவைதான் வீட்டில் எடுத்தாள்.

அண்ணன் காலையில் பையை மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போகிறான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவன் போனது பஸ் ஸ்டாண்டுக்கு. மாதக்கணக்காக அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸையும் போகிற பஸ்ஸையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். காலேஜிலிருந்து ஆபீஸுக்கே போன் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்கு வந்தபோது அவன் திட்டு வாங்கத் தயாராக நடுக்கூடத்தில் நின்றான். நானும் வேடிக்கை பார்க்கத் தயாராக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். குக்கர் சத்தம் வரவில்லை. பெரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆபீஸ் குரலில் சொன்னாள்:

“உங்க நிலைமை புரியுது சார். இங்க இருக்கிற வசதி உங்களுக்குப் பிடிக்கலைன்னா, எங்க தங்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.”

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஜோக் என்று நினைத்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. கொடியில் அவன் துண்டு ஒழுங்காக மடித்துத் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் அவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் அண்ணன் எந்தத் துண்டையும் ஒழுங்காக மடிக்க மாட்டான். குளித்துவிட்டு வந்தால் துண்டைச் சுருட்டி, முறுக்கி, ஒரு தவளை செய்து, யார் தலையணையிலாவது உட்கார வைத்துவிட்டுப் போவான். அந்தத் தவளைக்கு இடது கால் மட்டும் மடங்காது. துருத்திக்கொண்டே இருக்கும். எத்தனை தடவை செய்தாலும் அவனுக்கு அந்தக் கால் வரவில்லை.

அதற்குப் பிறகு எப்போதாவது பெரியப்பாவின் போனுக்கு ஒரு மிஸ்டு கால் வரும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பர். திரும்பக் கூப்பிட்டால் டீக்கடைக்காரரோ பெட்டிக்கடைக்காரரோ எடுப்பார்கள். உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அது போதும் என்றார் பெரியப்பா. பெரியம்மாவின் குக்கர் நின்றுபோனது. வீட்டிலும் கோப்பைக் குரலுக்குப் பக்கத்தில் ஒரு குரல்தான் வந்தது.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப்போன பிறகுதான் அந்தப் புகார் வந்தது. பிற்பாடு மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது பெரியம்மா எனக்குச் சொன்னது இது. என்னிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வெறுமனே நின்றுகொண்டு ஒரு துண்டைச் சுருட்டி முறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன பெரியம்மா செய்யறே என்று கேட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கோட்டைக்குள் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த பெண் போன் போட்டிருக்கிறாள்.

“மேடம், ரூமுக்குள்ள வந்து லைட்டைப் போட்டா தலையணை மேல தவளை!”

“உயிரோடயாங்க?”

“துண்டுல செஞ்சது! அதுக்குத் தலைல பிளாஸ்டிக் தொப்பி வேற. என் பொண்ணு கத்தின கத்துல பக்கத்து ரூமே எழுந்து வந்துடுச்சு. ரூம் பையன்கிட்ட கேட்டா இளிக்கிறான்.”

“மன்னிச்சுக்குங்க மேடம். அந்தத் தவளை எப்படி இருக்கு?”

“எப்படின்னா? தவளை மாதிரி இருக்கு. ஒரு கால் மட்டும் நீட்டிக்கிட்டு...”

“எந்தக் கால் மேடம்?”

“என்னது?”

“இடது காலா, வலது காலா?”

அந்தப் பெண், “இது புகார் சொல்ற நம்பர்தானே?” என்று கேட்டாளாம். பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர் குரல் கேட்டது: “இடது கால்.”

பெரியம்மா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள். புகாரை லாட்ஜுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் வேலை. அனுப்பினால் அந்தப் பையன் மேல் நடவடிக்கை எடுப்பார்கள். இவள் ‘கொசுத் தொல்லை’ என்று மாற்றிப் போட்டு அனுப்பிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் போட்ட முதல் பொய்.

“போய்ப் பாரேன் பெரியம்மா” என்றேன்.

“போகத்தான் போறேன். லீவு கேட்டுட்டேன்.”

“அப்புறம் என்ன?”

“எங்க தங்கறதுன்னு தெரியல.”

நான் சிரித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொடியில் மீதி இருந்த துணியை எடுக்கப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் மாதிரி நான் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் ஒரு நிமிஷத்தில் இடம் சொல்கிறவள், தனக்கு என்று வந்தபோது தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு அளைந்துகொண்டே இருந்தாள். கோட்டைக்குள் ரூம் போடுவாள், மறுநாள் கேன்சல் செய்வாள். ஆற்றங்கரையில் போடுவாள், அதையும் கேன்சல் செய்வாள். அடுத்த சீட்டுக்காரி, மலை ஊர்க்காரி, கேலி செய்தாளாம். “என்னக்கா, ஊரையே விலை பேசறீங்களா? பிடிக்கலைன்னா எங்க மலைக்கு வாங்க, தள்ளுபடி தரேன்.”

“கோட்டைக்குள்ளயே தங்கேன்” என்றேன் நான். “அவன் இருக்கிற லாட்ஜுலயே. கதவைத் தட்டினா அவன்தான் வந்து நிப்பான்.”

“வந்து? என் பெட்டியை அவன் தூக்கணுமா? நான் படுத்த படுக்கையை அவன் தட்டிப் போடணுமா? ரெஜிஸ்டர்ல என் பேரைப் பார்த்ததுமே பின்பக்கமா இறங்கிப் போயிடுவான்டி. அவ்வளவு கிட்டப் போனா ஓடிடுவான்.”

“சரி, ஆற்றங்கரை.”

“லிஃப்ட்ல ஏறி இறங்கிக்கிட்டு, காத்து வாங்கிக்கிட்டு. அம்மா ஊர் பார்க்க வந்திருக்கா, அப்படியே என்னையும் பார்க்க வந்திருக்கான்னு நினைப்பான்.”

“ஸ்டேஷன் பக்கம்?”

“ஸ்டேஷன் பக்கம் தங்கறவங்க யாரு? அடுத்த வண்டிக்குக் கிளம்பறவங்க. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போக வந்திருக்கான்னு நினைப்பான்.”

பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டே, “பேசாம பஸ்லயே தங்கிடு” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. மறுநாள் கடையில் பார்த்தேன், பெரியம்மாவுடைய கல்யாணத்துப் பெட்டியை எடுத்துவந்து, ஒரு வேலையும் தேவைப்படாத ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இழுப்பார், தேய்ப்பார், திரும்ப இழுப்பார். நீங்களும் போக வேண்டியதுதானே என்று கேட்டேன். “என்னைப் பார்த்தா அவன் பேசமாட்டான். அவளைப் பார்த்தா அழவாவது செய்வான்” என்றார்.

லீவுக்குச் சில நாள் இருக்கும்போது நிலைமை கெட்டது. பெரியம்மா டீ குடிக்க எழுந்துபோன நேரத்தில் அவள் சீட்டுக்கு வந்த போனை மலை ஊர்க்காரி எடுத்திருக்கிறாள். அதே லாட்ஜ், அதே தவளை, இந்தத் தடவை குளியலறையில். அவள் பாவம், முறைப்படி லாட்ஜுக்கு அனுப்பிவிட்டாள். “அக்கா, உங்க ஊர்ல ஒரு லூசு ரூம் பையன் இருக்கான். போட்டுக் குடுத்துட்டேன்” என்று சந்தோஷமாக வேறு சொல்லியிருக்கிறாள்.

அன்று பெரியம்மா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. தூக்கிட்டா வேற ஊருக்குப் போயிடுவான். எல்லா ஊர்லயும் எனக்குப் புகார் வராதுடி டப்பா.”

“அப்ப நாளைக்கே கிளம்பு.”

“கிளம்பி? எங்க போய் இறங்குவேன்? தப்பான இடத்துல போய் நின்னு, அவன் இன்னொரு தடவை கிளம்பிட்டான்னா? போன தடவை எங்க வேணா தங்கிக்கோன்னு நான்தானே சொன்னேன்.”

அந்தப் பேச்சை அதுவரை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் சொன்ன விதத்தில் தெரிந்தது. நான் அன்று சிரித்தது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிப்பது எனக்கு ஒத்துவராத வேலை, ஆனால் அன்று ஒன்று தோன்றியது. தனக்காக அவளே கேட்டுக்கொண்டால் பதில் வராது. வேறு யாராவது கேட்டால் வரும்.

கடையில் இருந்ததிலேயே பெரிய சூட்கேஸை இழுத்தேன். யாரோ வெளிநாடு போய்வந்தவருடையது, உள்ளே அந்துருண்டை வாசனை. பெரியப்பா எதிரே உட்கார்ந்து ஒரு சக்கரத்தின் இரும்பை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். தலையை உள்ளே விட்டு நம்பரை அழுத்தினேன். பழைய நகரத்துக்கு நாலை அழுத்தவும் என்றது. அழுத்தினேன்.

“வணக்கம், சொல்லுங்க.” கோப்பைக் குரல்.

“அம்மா” என்று இருமினேன். “நான் ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் பேசறேன். உங்க ஊருக்கு வரணும். எந்தப் பக்கம் தங்கறதுன்னு தெரியல.”

“படி ஏறுவீங்களா சார்?”

“மெதுவா ஏறுவேன்.”

“காலைல சீக்கிரம் எழுந்திருப்பீங்களா?”

“தூங்கினாத்தானேம்மா எழுந்திருக்க.”

“ஊர் பார்க்க வர்றீங்களா சார், ஆள் பார்க்க வர்றீங்களா?”

“ஆள்தான். என் பையன். கோட்டைக்குள்ள வேலை செய்யறான். எங்களுக்குள்ள பேச்சு இல்ல. நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன், போயிட்டான். இப்ப ரொம்பக் கிட்டப் போய் நின்னா ஓடிடுவானோன்னு இருக்கு. தூரமா நின்னா, வேண்டாம்னு நின்னேன்னு நினைப்பானோன்னு இருக்கு.”

எதிரில் அரம் ராவும் சத்தம் நின்றுவிட்டது. போனிலும் சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். இருமிப் பார்த்தேன்.

“இருக்கேன் சார்” என்றாள். அந்தக் கோப்பையில் எங்கோ ஒரு கீறல். “கோட்டை வாசலுக்கு வெளியே, வாசலை ஒட்டினாப்புல ஒரு லாட்ஜ் இருக்கு. நாங்க யாருக்கும் சொல்றதில்ல. அங்க தங்கினவங்க எல்லாருக்கும் ஒரே புகார்தான். விடிஞ்சதுலேர்ந்து சத்தம். உள்ள வண்டி போகாது பாருங்க, எல்லாப் பெட்டியும் அந்த வாசல்ல இறக்கித்தான் தள்ளுவண்டில ஏத்துவாங்க. உள்ள வேலை செய்யற பசங்க டீ குடிக்கவும் அங்கதான் வருவாங்க. ஜன்னலைத் திறந்தா போதும், அத்தனை பேரும் கண்ணுக்குக் கீழ போவாங்கன்னு ஒரு அம்மா அழாத குறையா திட்டினாங்க.”

“அங்க போய் என்ன பண்றது?”

“முதல் மாடி கேளுங்க. ஜன்னல்கிட்ட உக்காருங்க. கூப்பிடாதீங்க சார். கையைக் காலை ஆட்டாதீங்க. அவன் கண்ணுல படற மாதிரி உக்காருங்க, போதும். கோட்டைக்குள்ள நீங்க போக வேண்டாம். அது அவன் இடம். ஸ்டேஷனுக்கும் திரும்ப வேண்டாம். வாசல்லயே இருங்க. பார்த்தான்னா, வரதா வேண்டாமான்னு அவன் யோசிக்கட்டும். அன்னிக்கு வரலைன்னா மறுநாளும் உக்காருங்க.”

நான் அதோடு வைத்திருக்க வேண்டும். ஆனால் என் வாய்க்குத்தான் ஜிப் கிடையாதே.

“அப்பவும் அவன் வரலைன்னா?”

“அதுக்கு எங்ககிட்ட ரூம் இல்ல சார்.”

சூட்கேஸிலிருந்து தலையை எடுத்தபோது பெரியப்பா சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்துருண்டை கண்ணை எரித்துவிட்டது.

சாயங்காலம் பெரியம்மா வந்ததும், “வாசல் பக்கம் ஒரு ரூம் போட்டுட்டேன். முதல் மாடி, ரெண்டு கட்டில். நீயும் வர்ற” என்றாள்.

“நான் எதுக்கு?”

“பெட்டி தூக்க” என்றாள்.

நம் வேலை பலிக்காமல் போகுமா என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு துணி அடுக்கினேன்.

பஸ்ஸில் ஒரு பகல். பெரியம்மா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நகரத்துக்குள் நுழைந்ததும் வாய் திறந்தாள், மூடவே இல்லை. “இதுதான் மழைல தண்ணி நிக்கிற திருப்பம். அதோ பார், ரெண்டு மடங்கு வாடகை கேக்கிற ஆட்டோ ஸ்டாண்டு.” பிறந்து வளர்ந்தவள் மாதிரி நடந்தாள். லாட்ஜில் ஏறும்போது, “நாலாவது படி ஆடும், பார்த்து வை” என்றாள். ஆடியது. கோட்டைச் சுவருக்கு மேலே சாயங்கால வெயில் விழுந்து கல்லெல்லாம் தேன் நிறத்தில் நின்றது. அதை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “இதை யாருமே சொல்லலியே” என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஜன்னலில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். புகார் சொன்னவர்கள் ஒருவரும் கூட்டிச் சொல்லவில்லை. தள்ளுவண்டிகள் கல்தரையில் தடதடவென்று வந்துகொண்டே இருந்தன. டீ குடிக்க ரூம் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், போனார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் இல்லை. பெரியம்மாவின் கை ஜன்னல் கம்பியிலேயே இருந்தது. துரத்திவிட்டார்கள், போய்விட்டான், நாம்தான் தாமதம் என்று நானே நினைக்க ஆரம்பித்த நேரத்தில், தலைக்குத் துண்டு கட்டின ஒருவன் பெட்டிகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அறை வேலையிலிருந்து இறக்கி வண்டி தள்ளப் போட்டிருக்கிறார்கள். இளைத்திருந்தான். தோள் மட்டும் அகலமாகியிருந்தது.

அண்ணா என்று கத்த என் வாய் திறந்தது. பெரியம்மா திரும்பாமலே என் காலை மிதித்தாள்.

அவன் தற்செயலாகத்தான் நிமிர்ந்தான். பார்த்தான். வண்டி நின்றது. பின்னால் வந்த வண்டிக்காரன் திட்டினான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குள் போய்விட்டான். அன்று முழுக்க அதற்குப்பிறகு வரவில்லை. பெரியம்மா விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். சாப்பிடச் சொன்னேன், ஒரு ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

நேற்று காலை வந்தான். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தி, குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். தட்டினான், சுற்றிவிட்டான், மறுபடி தட்டினான். பெட்டி ரிப்பேர் கடையில் உட்காருகிறவள் சொல்கிறேன், அந்தச் சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை. நெடுநேரம் அதைப் பழுது பார்த்துவிட்டு, நிமிராமலே போய்விட்டான். பெரியம்மா கூப்பிடவில்லை. ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொன்ன மாதிரியே செய்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததால் அங்கே சிவந்திருந்தது.

இன்று இன்னும் வரவில்லை. அவள் ஜன்னலில், நான் கட்டிலில். சும்மா இருக்க முடியாமல், லாட்ஜ்காரரிடம் காகிதம் வாங்கி அவளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

“ஸ்டேஷன் மாஸ்டர் சார்” என்றது ஆபீஸ் குரல், ஜன்னலிலிருந்து திரும்பாமலே. “அவ்வளவு நேரமா என்ன எழுதறீங்க?”

பேனா நின்றுவிட்டது.

“எ... எந்த ஸ்டேஷன் மாஸ்டர்?”

“இருமல் சரியில்லடி டப்பா. நெஞ்சுலேர்ந்து வரணும். உனக்குத் தொண்டைலேர்ந்து வருது.”

“எப்பத் தெரியும்?”

“பேய்க்கு வாடகை கேட்டியே, அப்பவே தெரியும். முன்னெல்லாம் நீ பேசும்போது பின்னாடி ஒருத்தன் சிரிப்பான். வாயைப் பொத்திக்குவான், மூக்கு வழியா வரும். அதைக் கேக்கத்தான் போனை வெக்காம பதில் சொல்லிட்டு இருப்பேன்.”

“இந்தத் தடவை?”

“இந்தத் தடவை சிரிப்பு இல்ல. அரம் ராவற சத்தம் நின்னுது.” கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டாள். “ரெண்டு பேரும் கேக்கறீங்களேன்னுதான் சொன்னேன்.”

கீழே ஒரு வண்டி வந்தது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். வேறு யாரோ.

“என்னை எத்தனை இடத்துல அழ வெச்சிருக்கே அதுல?”

“ஒரு இடத்துலயும் இல்ல பெரியம்மா.”

“கொசுத் தொல்லைன்னு மாத்திப் போட்டதை எழுதிட்டியா?”

நான் அந்தப் பக்கத்தை மற்றக் காகிதங்களுக்கு அடியில் தள்ளினேன்.

“அடிச்சிடு. வேலை போயிடும்.”

பேனாவைக் காகிதத்தில் வைத்து, அடிக்கிற மாதிரி சத்தமாகக் கீறினேன்.

“டப்பா” என்றாள், இன்னும் திரும்பவில்லை. “அது வெறும் காகிதத்துல கீறற சத்தம்.”